நாலு டாக்டர், நாலு சீட்டு, ஊட்டுறது ஒரே கை

மொதல்ல கேள்வியைச் சுருக்கமா சொல்லிடுறேன். 31 வாரத்துல பொறந்த பெண் குழந்தை, இப்ப 14 மாசம். என்ஐசியூல, அதாவது பச்சிளங்குழந்தைங்களுக்கான ஐசியூல, ஒன்றரை மாசம் இருந்திருக்கா, அதுல பாதி நாள் மூக்கு வழியா டியூப்ல பால். இப்ப தண்ணி குடிச்சா புரையேறுது, மிக்ஸில அடிச்சுக் குடுத்தாத்தான் எறங்குது, கொஞ்சம் திப்பி தட்டினாக்கூட ஓங்கரிச்சு வாந்தி, ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகுது, ரெண்டு தடவை நிமோனியான்னு அட்மிட் ஆகியிருக்கா. குழந்தை டாக்டர் 'ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்க, டயட்டீஷியனைப் பாருங்க, பிசியோவையும் பாருங்க'ன்னு எழுதிக் குடுத்துட்டார். சாப்பாடு எறங்கலைன்னு போனா பேச்சு சொல்லிக் குடுக்கிறவங்களை எதுக்குப் பாக்கணும், ஒரு பிஞ்சுக் குழந்தைக்கு இத்தனை பேரா, இது காசு புடுங்குற வேலைதானேன்னு குழந்தையோட அப்பா கேட்டிருக்கார்.

கோவம் நியாயமானதுதாங்க. கையில சீட்டைத் திணிச்சு அனுப்பிட்டு எதுக்குன்னு ஒருத்தரும் உக்காந்து சொல்லலைன்னா யாருக்கும் அப்படித்தான் தோணும். நான் ஸ்பீச் தெரபிஸ்ட், மதுரைப் பக்கம், பதினாறு வருஷமா இதான் வேலை, பேருல ஸ்பீச் இருந்தாலும் எங்கிட்ட வர்ற குழந்தைங்கள்ல நெறைய பேர் பேசக் கத்துக்க வர்றதில்ல, முழுங்கக் கத்துக்க வர்றாங்க. பேசுறதுக்கு உதடு, நாக்கு, அண்ணம், குரல்வளைன்னு என்னென்ன வேணுமோ அதே சாமான்தான் சாப்பிடவும் வேணும், அதனால முழுங்குறதுல வர்ற சிக்கலைப் பாக்கிற வேலையும் எங்க படிப்புக்குள்ளயே வந்துருச்சு. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், எல்லா ஸ்பீச் தெரபிஸ்ட்டும் இதைப் பாக்க மாட்டாங்க. போன் பண்ணும்போதே 'சின்னக் குழந்தைக்கு ஃபீடிங், ஸ்வாலோயிங் பாப்பீங்களா'ன்னு கேட்டுட்டுப் போங்க, ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னும் கேளுங்க, கேக்கிறதுல தப்பே இல்ல.

தொண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இத்தனை பேர் எதுக்குன்னு பாதி புரிஞ்சிரும். ரெண்டு குழாய் ஒட்டி ஒட்டி இருக்கு, முன்னாடி மூச்சுக்குழாய், பின்னாடி உணவுக்குழாய். வாயிலிருந்து எறங்குற எதுவும் மூச்சுக்குழாய் வாசலைத் தாண்டித்தான் பின்னாடி போயாகணும். தாண்டுற அந்த ஒரு செகண்டுக்குள்ள மூச்சு நிக்கணும், குரல்வளை மேல ஏறணும், மேல இருக்கிற மூடி சாயணும், குரல் நாண் ரெண்டும் சேந்து அடைக்கணும், உணவுக்குழாய் வாசல் தொறக்கணும், முப்பதுக்கு மேல தசை வரிசை தப்பாம வேலை செய்யணும். கைக்குழந்தை இதையே சப்பி, முழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி சப்பின்னு ஒரு தாளமா பண்ணுது, அந்தத் தாளம் வயித்துக்குள்ள கிட்டத்தட்ட 34 வாரத்துலதான் கூடி வருது. உங்க பொண்ணு 31லயே வந்துட்டா, தாளம் படியறதுக்கு முன்னாடியே கச்சேரிக்கு உக்கார வச்ச மாதிரி. அது போக அவ வாய்க்கும் மூக்குக்கும் மொதமொதல்ல வந்ததே டியூப்பு, சளி உறியிற குழாய், கன்னத்துல பிளாஸ்டர். மூஞ்சிகிட்ட எது வந்தாலும் தொந்தரவுதான்னு அவ உடம்பு கத்துக்கிட்டிருந்தா அது அடம் இல்லீங்க.

இன்னொண்ணு, 14 மாசம்னு கணக்குப் போடாதீங்க. 9 வாரம் முன்னாடி பொறந்ததைக் கழிச்சா அவளுக்கு 12 மாசம்தான் ஆகுது. ரெண்டு வயசு வரைக்கும் வளர்ச்சியை இந்தக் கணக்குலதான் பாக்கணும், பக்கத்து வீட்டுக் குழந்தை இந்நேரம் தோசை தின்னுதுன்னு ஒப்பிட்டா அவளுக்கும் நஷ்டம் உங்களுக்கும் நஷ்டம்.

அப்புறம் புரையேறுறது. நம்ம வீட்டுல புரையேறினா 'யாரோ நினைக்கிறாங்க'ன்னு தலையில ரெண்டு தட்டு தட்டி விட்டுருவோம். எப்பவாச்சும்னா சரி. ஒவ்வொரு தடவை தண்ணி குடிக்கும்போதும் ஒரு குழந்தையை யாரோ நினைச்சுக்கிட்டே இருக்க முடியாதுல்ல, தண்ணி தப்பான குழாய்க்குப் போயிட்டு வருதுன்னு அர்த்தம். அதுலயும் இருமுற குழந்தையைப் பாத்து நான் அவ்ளோ பயப்பட மாட்டேன், வாசல்ல நாய் கொலைக்கிற மாதிரி, காவல் இருக்கு. இருமலே வராம சத்தமில்லாம நுரையீரலுக்குள்ள எறங்குற குழந்தைங்க இருக்காங்க, முக்கியமா மூளை நரம்பு பாதிப்பு உள்ள குழந்தைங்க, அவங்களைப் பாத்தாதான் பயம். சாப்பிட்டதும் குரல் ஈரமா கொரகொரன்னு மாறும், கண்ணுல தண்ணி நிக்கும், மூச்சு வேகமாகும், காரணமே தெரியாம காய்ச்சல் வந்து வந்து போகும், வீட்டுல 'இவளுக்கு எப்பவும் சளி உடம்பு'ன்னு பேரு வச்சிருப்பாங்க. இன்னும் நடக்க ஆரம்பிக்காத குழந்தைக்கு ரெண்டு தடவை நிமோனியான்னா சளி உடம்புன்னு விடக்கூடாது, எது எங்க போகுதுன்னு பாத்தே ஆகணும்.

சரி, ஒருத்தரே பாத்தா ஆகாதா? சில வருஷம் முன்னாடி ஒரு அம்மா ஒரு ஃபைலோட வந்தாங்க, ரெண்டு வயசுப் பையன், பொறந்தப்போ மூச்சுத் திணறல், கழுத்து நிக்கல, வலிப்பு மருந்து ஓடுது. ஃபைல்ல நாலு சீட்டு. ஒண்ணுல எடை பத்தல, பாலைக் கூட்டுங்கன்னு இருக்கு. இன்னொண்ணுல தண்ணியா எதுவும் வாய் வழியா வேணாம்னு இருக்கு. மூணாவதுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமா குடுங்கன்னு இருக்கு. நாலாவதுல தினமும் காலைலயும் சாயங்காலமும் முக்கால் மணி நேரம் எக்சர்சைஸ். ஒவ்வொரு சீட்டும் தனித்தனியா பாத்தா சரிதான், ஒருத்தரும் தப்பா எழுதல. நாலையும் சேத்துப் படிக்கிற ஒரே ஆள் அந்த அம்மாதான், காலைல அஞ்சரைக்கு அடுப்படியில நின்னு எதைக் கேக்கிறது எதை விடுறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். ஆறு மாசமா அந்தப் பையன் எடை 200 கிராம் கூட ஏறல. காரணம் தேடினா கடைசில மருந்து நேரம். காலைல ஏழரைக்கு வலிப்பு மருந்து, எட்டு மணிக்கு சாப்பாடு, மருந்துல சொக்கிப்போய் பாதித் தூக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரமா ஊட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. நரம்பு டாக்டர்கிட்ட யாரும் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லல, அவரும் கேக்கல, எங்கிட்ட யாரும் மருந்து நேரத்தைச் சொல்லல. ஒரு போன்ல மருந்து நேரம் மாறுச்சு. இந்த போனுக்குப் பேர்தான் டீம், டாக்டர் எண்ணிக்கைக்கு இல்ல. பத்துப் பேர் பாத்தும் ஒருத்தரோட ஒருத்தர் பேசலைன்னா அது டீம் இல்லீங்க, சந்தைக்கடை.

2019ல பல துறை நிபுணர்கள் சேந்து இந்தப் பிரச்சனைக்கு ஒரு பொது வரையறை எழுதினாங்க, குழந்தை வயசுக்குத் தக்கன வாய் வழியா சாப்பிட முடியாம ரெண்டு வாரத்துக்கு மேல போனா நாலு பக்கம் பாக்கணும்னு. உடம்புல நோய் இருக்கா, சத்து சேருதா, மெல்லுற முழுங்குற திறமை வந்திருக்கா, நாலாவது மனசும் வீடும். உங்க பொண்ணுக்குப் பாத்தா, நுரையீரல்ல ரெண்டு தடவை அடி வாங்கியாச்சு, எடை நீங்க எழுதல ஆனா ஒரு மணி நேரம் ஊட்டியும் மிக்ஸில அடிச்சதுன்னா தண்ணி கலந்து கலந்து சத்து கொறைஞ்சிருக்கும்னு என் சந்தேகம், மெல்லுற பழக்கமே வரல, அப்புறம் சாப்பாடுன்னாலே வீட்டுல எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும். நாலு காலும் ஆடுற கட்டிலுக்கு ஒரு கால்ல மட்டும் ஆப்பு வச்சா நிக்குமா?

எதை மொதல்ல பண்றதுங்கிறதுல எனக்குக் கறாரான கருத்து உண்டு. மொதல்ல ஆபத்தில்லாம எறங்குதா, அடுத்து தேவையான அளவு போகுதா, அதுக்கப்புறம்தான் மெல்லுறதும் தானா எடுத்துச் சாப்பிடுறதும். நெறைய வீட்டுல இது தலைகீழா நடக்குது, எல்லாக் குழந்தையும் சாப்பிடுற மாதிரி இட்லி சாப்பிடணும்னு ஆசைப்பட்டு அதுல போராடி, தண்ணி நுரையீரலுக்குப் போறதைக் கவனிக்காம விட்டுருறாங்க.

பாதுகாப்பைப் பாக்க ரெண்டு டெஸ்ட் இருக்கு. ஒண்ணு வீடியோ எக்ஸ்ரே, எக்ஸ்ரேல தெரியுற பேரியம் மருந்து கலந்த பாலு, கூழு, கெட்டியானதுன்னு வேற வேற பக்குவத்துல உக்கார வச்சு ஊட்டி, முழுங்குறதைப் படமா எடுப்பாங்க, ரேடியாலஜி டாக்டரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேந்து நிக்கணும். இன்னொண்ணு மூக்கு வழியா மெல்லிசா ஒரு கேமராவை விட்டு மேலருந்து தொண்டையைப் பாக்கிறது, ஈஎன்டி டாக்டரோட சேந்து பண்றது, கதிர்வீச்சு கிடையாது. ஒரு எச்சரிக்கை, சாதாரண பேரியம் ஸ்வாலோன்னு ஒண்ணு எல்லா ஸ்கேன் சென்டர்லயும் எடுப்பாங்க, அது பெரும்பாலும் உணவுக்குழாய்ல அடைப்பு இருக்கா வளைஞ்சிருக்கான்னு பாக்கிறதுக்கு, அதுல நார்மல்னு வந்தா முழுங்குறது நார்மல்னு அர்த்தம் இல்ல. அதைக் கையில வச்சுக்கிட்டு 'டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே'ன்னு வர்றவங்க வாரத்துக்கு ஒருத்தராவது உண்டு. எழுதிக் குடுக்கும்போதே எந்த டெஸ்ட்னு கேட்டு வாங்குங்க. எல்லாக் குழந்தைக்கும் டெஸ்ட் தேவைன்னும் சொல்லல, பல நேரம் ஒரு வேளை சாப்பாட்டைக் கூட உக்காந்து பாத்தாலே நெறைய தெரிஞ்சிரும், ஆனா ரெண்டு நிமோனியான்னு சொல்றதால உங்க விஷயத்துல நான் கேப்பேன்.

பிசியோ, ஓடி (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) எல்லாம் எதுக்குன்னா, தொண்டை இடுப்புல இருந்து ஆரம்பிக்குதுன்னு நாங்க சொல்லுவோம். இடுப்பு நழுவி, கால் அந்தரத்துல தொங்கி, தலை பின்னாடி சாஞ்சுக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுப் பாருங்க, உங்களுக்கே புரையேறும். குழந்தைக்கு இடுப்பு பின்னாடி ஒட்டி, பாதத்துக்கு அடியில ஏதாவது தாங்கி, தலை நேரா, தாடை லேசா உள்வாங்கின மாதிரி இருக்கணும். விலை உயர்ந்த சேர் வாங்கச் சொல்றேன்னு பயந்துறாதீங்க, சுவர் மூலையில தலகாணி வச்சு, காலுக்கு ரெண்டு பழைய டெலிபோன் டைரக்டரியைத் துணி சுத்தி வச்சு ஒரு பிசியோ பண்ணிக் குடுத்ததை நாலு வருஷம் ஓட்டின குடும்பம் எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல அப்பத்தா காலை நீட்டி உக்காந்து குழந்தையை மல்லாக்கக் கெடத்தி ஊட்டுவாங்க பாருங்க, நல்லா இருக்கிற குழந்தை அதைச் சமாளிச்சிரும், உங்க பொண்ணு மாதிரி குழந்தைக்கு அது தொண்டைக்குள்ள ஊத்துற மாதிரிதான், அவ முழுங்க ரெடியா இல்லையான்னே பாக்காம தானா எறங்கும். பாலாடையைக் குத்தம் சொல்லலீங்க. நம்ம பாலாடையும் சங்கும் லேசுப்பட்டது இல்ல, எடை கொறைஞ்சு பொறந்த, மார்புல நேரா குடிக்க முடியாத குழந்தைங்களுக்கு பாட்டிலை விட கப்பு, ஸ்பூன், பாலாடை மேல்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, என்ஐசியூ நர்ஸுங்க அதைக் குழந்தையை நிமித்திப் புடிச்சு உதட்டுல வச்சு அதுவா நக்கிக் குடிக்க விடுவாங்க. சாமான்ல தப்பில்ல, படுக்கப்போட்டு ஊத்துறதுலதான் தப்பு.

பாட்டி வைத்தியம்னு பேச்சு வந்ததால சொல்லிடுறேன், திட்டாதீங்க. குழந்தை சாப்பிடலைன்னா நம்மூர்ல தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வான்னு சொல்லுவாங்க, குடல் ஏறிக்கிச்சுன்னு தட்டுறதும் உண்டு. புரையேறுற குழந்தைகிட்ட தொண்டைக்குள்ள ஊதுறது, விரல் விடுறது எதுவும் வேணவே வேணாம். அதை விட மோசம், குளிப்பாட்டும்போது மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுறதும் வெளக்கெண்ணெய் புகட்டுறதும். எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா இருமலைக்கூட சரியா தூண்டாது, அங்கயே தங்கி ஒரு தனி வகை நிமோனியாவைக் கொண்டு வரும், சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அது கேக்காது. ரெண்டு தடவை அட்மிட் ஆனப்போ டாக்டர் இதைக் கேட்டாரான்னு தெரியல, வீட்டுல அந்தப் பழக்கம் இருந்தா நீங்களே முந்திக்கிட்டு சொல்லிருங்க, வெக்கப்படாதீங்க. அதே எண்ணெய் சோத்துல கலந்தா மருந்து. ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காயெண்ணெயோ 40 கலோரி சுமாருக்கு வரும், அளவைக் கூட்டாம சத்தைக் கூட்டுறதுக்கு டயட்டீஷியன் கையில இருக்கிற பெரிய ஆயுதமே அதான். எத்தனை ஸ்பூன்னு அவங்கதான் எடையைப் பாத்து சொல்லணும். பாலையும் கேப்பாங்க, 'பாலாவது குடிக்கிறாளே'ன்னு ஒரு வயசுக்கு மேல அரை லிட்டரைத் தாண்டி பசும்பால் ஓடிக்கிட்டு இருந்தா ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தா பசி போகும், பசி போனா மறுபடி பாலு. மலச்சிக்கலும் இதே மாதிரி பசியைத் திருடும். இதெல்லாம் குழந்தை டாக்டரோட வேலை, எங்க தெரபியை ஆறு மாசம் பண்ணி நடக்காதது சில நேரம் அயர்ன் டானிக்லயும் மலம் எளகினதுலயும் நடந்திருக்கு, எங்க ஆளுங்க இதை ஒத்துக்க கொஞ்சம் யோசிப்பாங்க.

பக்குவம் பத்தி. தண்ணி சுலபம், கெட்டி கஷ்டம்னு எல்லாரும் நினைக்கிறோம், மெல்லுறதுக்கு அது சரி, முழுங்குறதுக்குத் தண்ணிதான் ரொம்ப கஷ்டம், தொண்டை தயாராகுறதுக்குள்ள ஓடிரும். ரசஞ்சாதம் அதை விட மோசம், ஒரே வாய்ல ஓடுறதும் பருக்கையும் ரெண்டும் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி 'கெட்டியா குடுங்க'ங்கிறதுக்கு வேற வேற அர்த்தம் இருந்ததாலதான் இப்ப உலக அளவுல 0ல இருந்து 7 வரைக்கும் படி போட்டு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, ஐடிடிஎஸ்ஐன்னு பேரு. தண்ணி 0, மிக்ஸில அடிச்ச கூழ் 4, நாம சாப்பிடுற சாதாரண சாப்பாடு 7. குடிக்கிறதை அளக்க ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும், அடியை விரலால அடைச்சு 10 மில்லி வரைக்கும் ஊத்தி, விரலை எடுத்து பத்து செகண்ட் விட்டு மறுபடி அடைங்க. மிச்சம் 1 மில்லிக்குக் கீழன்னா படி 0, 1ல இருந்து 4 வரைக்கும்னா படி 1, 4ல இருந்து 8னா படி 2, 8க்கு மேல நின்னா படி 3, ஒரு சொட்டு கூட எறங்கலைன்னா 4. எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் கிடையாது, 0 கோட்டுக்கும் 10 கோட்டுக்கும் நடுவுல 61.5 மில்லிமீட்டர் இருக்கணும், ஒருதரம் தெரபிஸ்ட்கிட்ட காட்டிக்கோங்க. கேப்பைக் கூழும் ரவைக் கஞ்சியும் ஆற ஆற கெட்டியாகும், அதனால அடுப்புல இருக்கும்போது அளந்து பிரயோஜனம் இல்ல, வாய்ல வைக்கிற சூட்டுல அளக்கணும்.

ஆனா ஒண்ணு, இதைப் படிச்சுட்டு கடையில கெட்டியாக்குற பவுடர் வாங்கி நீங்களா கலந்துராதீங்க. சாந்தன் கம் வகை கெட்டியாக்கி ஒண்ணைக் குறைமாசக் குழந்தைங்களுக்குக் குடுத்ததுல குடல் அழுகிப்போற நோய் வந்ததுன்னு 2011ல அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு. சோளமாவு மாதிரி ஸ்டார்ச் போட்டா தாய்ப்பால்லயே இருக்கிற என்சைம் அதைக் கரைச்சு மறுபடி தண்ணியாக்கிரும், கெட்டியா இருக்குன்னு நம்பி குடுப்பீங்க, உள்ள போறது தண்ணி. எதைப் போடலாம், எவ்ளோ, தேவைதானான்னு குழந்தை டாக்டரும் தெரபிஸ்ட்டும் சேந்து சொல்லணும். கெட்டியாக்காம ஸ்பூன்ல கொஞ்சமா கொஞ்சமா குடுத்தாலே சரியாகுற குழந்தைங்களும் உண்டு.

மெல்லுறதுக்கு வாய்க்குள்ள பிரஷ் விட்டுத் தேய்க்கிறது, வைப்ரேட்டர் வைக்கிறதுன்னு ஆயிரக்கணக்குல சாமான் விக்குறாங்க. என் கருத்து, அது மட்டும் தனியா பண்ணா பெருசா பலன் இல்ல, நீச்சல் கத்துக்கத் தண்ணியில எறங்கணும், மெல்லக் கத்துக்க மெல்லணும். எப்ப எறக்கலாம்னு பாதுகாப்பைப் பாத்தவங்க சொல்லணும், சொன்னப்புறம் நசுக்கினா நசுங்குற அளவு வெந்த கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி, நீங்க ஒரு முனையைப் புடிச்சுக்கிட்டு கடைவாய் ஈறுப் பக்கம் வச்சுக் காட்டுறதுல இருந்து ஆரம்பிப்போம், நாக்கு நடுவுல வச்சா வெளிய தள்ளத்தான் செய்யும். மிக்ஸில அடிக்கிறதை ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, ஒரு சுத்து கம்மி பண்ணுங்க, நாலு நாள் போகட்டும், இன்னொரு சுத்து கம்மி பண்ணுங்க. கடலை, பொட்டுக்கடலை, முழு திராட்சை பக்கமே போகாதீங்க.

மனசு பத்திச் சொல்லாம விட்டா பாதிதான் சொன்னதாகும். சைக்காலஜிஸ்ட்னு எழுதினா 'எம்புள்ளைக்குப் பைத்தியமா'ன்னு கேக்கிறாங்க. மொத தடவை நான் அனுப்புறதே பெரும்பாலும் அம்மாவுக்காகத்தான். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம், அஞ்சு வேளை, வாந்தி எடுத்தா மறுபடி, அதுக்கு நடுவுல மாமியார் 'நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம், இப்படியா பண்ணோம்'னு ஒரு வார்த்தை. அந்தக் கை நடுங்கும், அவசரப்படும், வாயை அமுக்கும், செல்போன்ல பாட்டுப் போட்டு வாய் தொறக்கிற நேரம் பாத்து உள்ள தள்ளும். போன் பாத்துக்கிட்டே வாங்குற குழந்தைக்கு வாய்ல என்ன இருக்குன்னே தெரியாது, புரையேறுற குழந்தைக்கு அது ரெட்டை ஆபத்து. என்ன, எப்ப, எங்க உக்காந்துங்கிறது உங்க முடிவு, எவ்ளோங்கிறது அவ முடிவு, அரை மணி நேரத்துல தட்டை எடுத்துருங்க. சொல்றது சுலபம்னு தெரியும், எடை விழுமேன்னு பயம் இருக்கிற வரைக்கும் எந்த அம்மாவாலயும் இதைப் பண்ண முடியாது. அதனாலதான் எடைக்குப் பொறுப்பு டயட்டீஷியன், நீங்க தைரியமா அரை மணி நேரத்துல நிறுத்துங்கன்னு ஒருத்தர் பாரத்தைப் பங்கு போட்டுக்கணும்.

உங்க பொண்ணுக்கு டியூப் தேவைப்படுமான்னு நீங்க கேக்கல, ஆனா அந்த பயம் பின்னாடி இருக்கும்னு எனக்குத் தெரியும். தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டா அது தோல்வி இல்ல, நுரையீரலும் எடையும் தேறுற வரைக்கும் வாய்க்கு ஓய்வு. மூக்கு டியூப் இருந்தா, அது வயித்துலதான் இருக்கான்னு தெரிய, ஊட்டுறதுக்கு முன்னாடி உள்ள இருந்து உறிஞ்சு, அமிலத்தைக் காட்டுற பிஎச் பேப்பர்ல 5.5 இல்ல அதுக்குக் கீழ வருதான்னு பாக்க நர்ஸ்கிட்ட கத்துக்கோங்க, காத்தை ஊதிச் சத்தம் கேக்கிறதை மட்டும் நம்பக் கூடாது. மாசக்கணக்குல போகும்னா வயித்துலயே சின்னதா ஓட்டை போட்டு வைக்கிற பெக் டியூப் நல்லது, மூஞ்சியும் தொண்டையும் ஃப்ரீயா இருக்கும். வயித்தைப் பெருசா கிழிக்காம எண்டோஸ்கோப் வச்சு இதைப் போடுற முறை 1979ல அமெரிக்காவுல கிளீவ்லாண்டுல மொதமொதல்ல நடந்தது ஒரு கைக்குழந்தைக்குத்தான், குழந்தை சர்ஜன் மைக்கேல் காடரரும் எண்டோஸ்கோப்பி தெரிஞ்ச ஜெஃப்ரி பான்ஸ்கியும் சேந்து கண்டுபுடிச்சாங்க, ரெண்டு துறை ஒரு மேசையில நின்னதுல வந்ததுதான் அதுவே. டியூப் போட்டா ஆயுசுக்கும்னு இல்ல. ஆஸ்ட்ரியாவுல கிராட்ஸ் நகரத்துல டியூப்பை விடவைக்கிறதுக்குன்னே ஒரு டீம் பல வருஷமா பேர் எடுத்திருக்கு. 2017ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, இப்படி டீமா தீவிரமா சிகிச்சை குடுத்த 11 ஆய்வுகள், 593 குழந்தைகளைச் சேத்துப் பாத்தது, டியூப்ல இருந்தவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் சிகிச்சை முடியறப்போ டியூப்பை விட்டிருக்காங்க. அது எல்லாரும் ஒரே கூரையில இருக்கிற பெரிய சென்டர் கணக்கு, நம்ம ஊர்ல அதே நம்பர் வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். டியூப்ல இருந்தாலும் பல்லையும் ஈறையும் தினமும் ரெண்டு தடவை சுத்தம் பண்ணணும், வாய் அழுக்கு எச்சிலோட நுரையீரலுக்குப் போனாலே நிமோனியா வரும்.

சரி, இதெல்லாம் எங்க கிடைக்கும், எவ்ளோ ஆகும்? காசு புடுங்குறாங்களான்னு கேட்டீங்கள்ல, மொதல்ல அரசாங்கத்தோட மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்குப் போங்க. 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேங்கிற மத்திய அரசோட குழந்தைங்க உடல்நலத் திட்டத்துல வந்தது, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும், காசு கிடையாது. குழந்தை டாக்டர், பிசியோ, ஸ்பீச், சைக்காலஜிஸ்ட், பல் டாக்டர், ஸ்பெஷல் எஜுகேட்டர், சோஷியல் வொர்க்கர்னு ஒரே எடத்துல இருக்கிற மாதிரிதான் அதை வடிவமைச்சிருக்காங்க. எல்லா மையத்துலயும் எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கும்னு எதிர்பாக்காதீங்க, ஆனா ஆரம்பிக்கிறதுக்கு அதை விட நல்ல எடம் இல்ல. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிப்மெட், அதாவது பல வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கு, அங்கயும் பல துறை ஒரே வளாகத்துல.

ஒரே கூரையில டீம் கெடைக்கலைன்னா நீங்களே தச்சுக்க வேண்டியதுதான். அதுக்கு ஒரு கேப்டன் வேணும், பெரும்பாலும் உங்க குழந்தை டாக்டர், 'சார், இவங்க எல்லாரும் சொல்றதை நீங்கதான் சேத்துப் பாத்து எனக்கு ஒரே முடிவா சொல்லணும்'னு வாய்விட்டுக் கேளுங்க, கேட்டா ஒத்துக்குவாங்க, கேக்காம யாரும் தானா எடுத்துக்க மாட்டாங்க. ஒரு நாப்பது பக்க நோட்டு போடுங்க, யார்கிட்ட போனாலும் அதுலயே எழுதித் தரச் சொல்லுங்க, தனிச் சீட்டு வாங்காதீங்க, அப்பத்தான் அடுத்தவர் எழுதினது இவர் கண்ணுல படும். அதுல மருந்து நேரம், சாப்பாட்டு நேரம், எவ்ளோ நிமிஷம், எத்தனை தடவை இருமினா, வாரா வாரம் ஒரே தராசுல எடை. அப்புறம் ஒரு முழு வேளை சாப்பாட்டை வீடியோ எடுங்க, குழந்தையோட இடுப்புல இருந்து தலை வரைக்கும் தெரியுற மாதிரி, பக்கவாட்டுல இருந்து, குழந்தைக்கு நல்லா இருக்கிற நாள்ல எடுத்து அனுப்பாதீங்க, மோசமான நாளோடது வேணும். ஆஸ்பத்திரில வந்து எந்தக் குழந்தையும் வீட்டுல சாப்பிடுற மாதிரி சாப்பிடாது. முடிஞ்சா யாரு ஊட்டுறாங்களோ அவங்களையே கூட்டிட்டுப் போங்க. அப்பா மட்டும் வந்து கேட்டுட்டுப் போய் வீட்டுல சொல்றதுல பாதி வழியிலயே கொட்டிப்போயிரும், இது உங்களுக்குத்தான் சொல்றேன்.

இந்த வாரத்துக்கு மட்டும்னா, தண்ணியையும் பாலையும் படுக்கப்போட்டுக் குடுக்கிறதை இன்னைக்கே நிறுத்துங்க, நிமித்தி உக்கார வச்சு ஸ்பூன்ல ஒவ்வொரு வாயா, முன்னாடி குடுத்தது எறங்கினப்புறம் அடுத்தது, இருமினா அடங்குற வரைக்கும் அப்படியே காத்திருங்க, 'கொஞ்சம் தண்ணி குடி'ன்னு மேல ஊத்தாதீங்க. சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்காதீங்க. எடை போட்டு எழுதி வைங்க. சாப்பிடும்போது உதடு நீலம் பூத்தா, மூச்சு இழுத்தா, நெஞ்சுக்குழி உள்வாங்கினா, காய்ச்சலோட சோந்து போய்ப் பாலே வேணாம்னு சொன்னா தெரபிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, 108 கூப்பிடுங்க. பால் குடிக்கும்போது நெத்தி வேர்த்துக் களைச்சுப் போறாளான்னும் பாருங்க, அப்படின்னா இதய டாக்டரும் ஒரு தடவை பாக்கணும், ஆமா, இன்னொருத்தர்தான், திட்டாதீங்க. எடையும் அந்த ரெண்டு அட்மிஷன் டிஸ்சார்ஜ் சம்மரியில என்ன எழுதியிருக்குன்னும் சொன்னா, எந்த டெஸ்ட்டை மொதல்ல கேக்கலாம்னு இன்னும் தெளிவா சொல்றேன்.